வேலூர்ப் பக்கத்து மலைகள் அணைந்துபோன எரிமலைகளா?

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் உருண்டைப் பாறைகள் யாரோ அள்ளி எறிந்ததுபோல் கிடக்கின்றன. இவையெல்லாம் அணைந்துபோன எரிமலைகள் என்று சொல்கிறார்கள். ஏலகிரியும் எரிமலைதான் என்கிறார்கள். 2021இல் எங்கள் பக்கம் நிலம் அதிர்ந்தபோது மலை விழித்துக்கொள்ளுமோ என்று பாட்டி பயந்துவிட்டார். எங்கள் நிலத்தில் உழும்போது ஓட்டை ஓட்டையான கறுப்புக் கல் ஒன்றும் கிடைத்தது. அது லாவாதானே? கார்பன் டேட்டிங் செய்தால் மலையின் வயது தெரிந்துவிடுமா?"

முதலில் பாட்டிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில் வெடிக்கக்கூடிய எரிமலை ஒன்றுகூட இல்லை. உங்கள் ஊர் மலை எந்தக் காலத்திலும் எரிமலையாக இருந்ததும் இல்லை. ஏலகிரியைப் பற்றிச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கார்பன் டேட்டிங் மலைக்கு உதவாது. உங்கள் கறுப்புக் கல்லுக்கு ஒருவேளை உதவலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகும்போது இதே கேள்வி வரும். எரிமலை இல்லை என்றதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். ஆனால் உண்மையில் நம் மலைகளின் கதை எரிமலைக் கதையைவிடப் பெரியது. எரிமலை என்பது பூமியின் மேல்தோலில் நடப்பது. நாம் நின்றுகொண்டிருப்பது அந்தத் தோலுக்குக் கீழே வெகு ஆழத்தில் வெந்து இறுகிய பாறையின் மேல்.

அது எப்படித் தெரியும்? உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பழைய அம்மிக்கல் இருந்தால் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவி, வெயிலில் வைத்துப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகத் தனித்தனி மணிகள் தெரியும். சில மணிகளின் முகம் வெயிலில் கண்ணாடிபோல் மின்னும். ஒவ்வொரு மணியும் ஒரு கனிமப் படிகம். இனி மிட்டாய்க் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சர்க்கரைதான். பாகைத் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் மணியே இல்லாத, கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கிறது. அதையே நூல் கட்டிய பாத்திரத்தில் நாள் கணக்கில் அசையாமல் விட்டுவைத்தால் கட்டி கட்டியாகக் கற்கண்டு விளைகிறது. படிகம் வளர நேரம் வேண்டும். பாறைக்கும் இதே விதிதான். எரிமலையிலிருந்து வெளியே கொட்டிய குழம்பு காற்றிலும் நீரிலும் பட்டு விரைவாக ஆறிவிடும். அதில் மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவையாக இருக்கும். புனே பக்கம் போனால் பார்க்கும் கறுப்புப் பசால்ட் அந்த வகை. நம் கருங்கல்லில் மணிகள் வெறும் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால், அது மேலே கொட்டி ஆறியது அல்ல. ஆழத்தில், கம்பளி போர்த்தியதுபோல் கிலோமீட்டர் கணக்கான பாறைகளுக்கு அடியில், பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெதுவாக ஆறியது.

அந்த மணிகளின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள், கடினமே இல்லை. வெள்ளையாகவோ நிறமற்றோ கண்ணாடித் துண்டு போல இருப்பது குவார்ட்ஸ். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்பது இதுதான். சிறு வயதில் இரண்டை உரசித் தீப்பொறி பார்த்திருப்பீர்கள். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, உடைந்த முகம் தட்டையாக மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். ஏடு ஏடாக நகத்தால் பிரிக்க முடிவது அப்ரகம், அதாவது காக்காப்பொன். கறுத்துத் தடித்த மணிகள் பெரும்பாலும் ஹார்ன்பிளெண்டாகவோ பைராக்ஸீனாகவோ இருக்கும். சிவப்பு மாதுளை முத்துபோல் ஒன்று தெரிந்தால் அது கார்னெட். வட ஆர்க்காட்டின் மலைகளில் பெரும்பகுதியை இந்த ஐந்தாறு கனிமங்களை வைத்தே படித்துவிடலாம்.

சரி, அள்ளி எறிந்ததுபோல் கிடக்கும் உருண்டைப் பாறைகள்? இதைச் சற்று நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை ரயிலில் போகும் எவரும் ஜன்னல் வழியே பார்த்து வியக்கும் காட்சி அது. அந்தப் பாறைகளை யாரும் எறியவில்லை. அவை பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி இருந்ததுதான் போய்விட்டது.

ஆழத்தில் இறுகிய பாறை மேலே வரும்போது அதன் மேல் இருந்த பாரம் குறைகிறது. பாரம் குறைந்ததும் பாறை சற்று விரிந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விடுகிறது. இப்போது அது பெரிய பெரிய செங்கற்களை அடுக்கியதுபோல் ஆகிவிட்டது. மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்குகிறது. நீரில் கரைந்த கரியமில வாயு ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. செங்கல் வடிவப் பாறையின் ஒரு முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்து தாக்கும். மூலையை மூன்று பக்கங்களிலிருந்து தாக்கும். அதனால் மூலைதான் முதலில் கரைகிறது, அடுத்து விளிம்பு. கண்ணாடி டம்ளரில் போட்ட ஐஸ் கட்டி உருண்டையாவது இப்படித்தான். இதெல்லாம் மண்ணுக்குள்ளேயே நடக்கிறது. பிறகு மழை அந்த இளகிய மண்ணை அரித்துக்கொண்டு போனதும், கரையாமல் எஞ்சிய உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடுகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் ஊர்ப் பாறைகளில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரிகளாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரியுள்ள பாறையை நைஸ் என்போம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு உருண்டைகளில் வரிகள் ஒரே திசையில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்வதுபோல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்படி ஓடினால் அவை இரண்டும் ஒரே பாறையின் துண்டுகள், இடம் மாறாதவை. எரிமலை தூக்கி எறிந்திருந்தால் வரிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரு மாணவி மூன்று பாறைகளில் இந்த வரியைச் சுண்ணக்கட்டியால் தொடர்ந்து கோடிட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் எரிமலை என்று சொல்லவில்லை.

பாறை வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாகக் கழன்று வருவதையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நம் கல்லுடைக்கும் தொழிலாளர்களுக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். வெடிமருந்து வருவதற்கு முன்பு பாறையின் மேல் விறகு அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் விரிந்த மேலேடு தனியாகக் கழன்று வரும் வரை காத்திருந்து பலகைக் கல் எடுத்தார்கள். வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கிப் பிளப்பதற்குப் பாறையின் 'ஓட்டம்' எந்தப் பக்கம் என்று கல்லைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் பெரியவர்களிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன். வேலூர்க் கோட்டையின் மதிலில் சுண்ணாம்புச் சாந்தின் துணையின்றிப் பொருத்திய கற்களில் அந்த ஆப்பு இறக்கிய குழிகளின் தடம் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது தேடுங்கள்.

இப்போது ஆழத்துக்கு வருவோம். ஜவ்வாது மலைப் பக்கம் நிறையக் காணப்படும் ஒரு கல் உண்டு. உடைத்த புதிய முகம் நீலமும் பச்சையும் கலந்த கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். அதன் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை அழகானது. கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லை ஒத்திருப்பதைத் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் கண்டு, 1893இல் சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். இன்று அண்டார்டிகாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் உலகம் முழுவதும் அதே பெயர்தான். நம் மண்ணின் கல் ஒன்று உலகுக்கே மாதிரிக் கல் ஆகியிருக்கிறது.

சார்னோக்கைட்டுக்குள் இருக்கும் கனிமங்கள் ஒரு வெப்பமானிபோல் வேலை செய்கின்றன. கார்னெட்டும் பைராக்ஸீனும் ஃபெல்ட்ஸ்பாரும் ஒன்றாக, ஒன்றோடொன்று ஒத்துப்போய் வளர எவ்வளவு சூடும் எவ்வளவு அழுத்தமும் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். வட தமிழ்நாட்டுக் கற்களில் அந்தக் கணக்கு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும், சுமார் 20 கிலோமீட்டரும் அதற்கு மேலுமான ஆழத்தையும் காட்டுகிறது. அதாவது நீங்கள் ஏறி நிற்கும் மலையுச்சியின் மேல் ஒரு காலத்தில் 20 கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தது. எவரெஸ்ட்டின் உயரம் 9 கிலோமீட்டர்கூட இல்லை.

அவ்வளவும் எங்கே போயிற்று? மழையும் ஆறும் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். 20 கிலோமீட்டரை 250 கோடியால் வகுத்தால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. உண்மையில் அரிப்பு ஒரே சீராக நடந்திருக்காது. சில காலங்களில் வேகமாகவும் சில காலங்களில் மிக மெதுவாகவும் நடந்திருக்கும். ஆனாலும் சராசரி அவ்வளவுதான். மேலே பாரம் குறையக் குறைய, மூட்டைகளை இறக்கிய பரிசல் நீரில் மேலெழுவதுபோல், ஆழத்துப் பாறை மெல்ல மெல்ல எழுந்து வந்தது. பாலாற்று மணலை ஒரு கைப்பிடி அள்ளினால் அந்த நெடிய அரிப்பின் மிச்சத்தைத்தான் அள்ளுகிறீர்கள். ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிப் போய்விட, எதற்கும் அசையாத குவார்ட்ஸ் மட்டும் மணலாக நிற்கிறது. அந்த மணலில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அது மேக்னடைட், இரும்புக் கனிமம். லாரி லாரியாக அந்த மணல் போய்விட்டதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆற்றுக்கு அதைத் திரும்பச் செய்துகொடுக்க நம் ஆயுள் கணக்கு போதாது.

ஏலகிரிக்கு வருகிறேன். கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள். சாலையை வெட்டிய இடங்களில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தால் உங்கள் ஊர் நைஸைப்போல் வரிகள் இருக்காது. பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பார் மணிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். குவார்ட்ஸ் மிகக் குறைவு. இந்தப் பாறைக்குச் சையனைட் என்று பெயர். நஞ்சான சயனைடுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. எகிப்தில் இன்று அஸ்வான் எனப்படும் ஊருக்கு முன்பு சையீன் என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. ஏலகிரியின் சையனைட் சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருகிய குழம்பாக ஆழத்திலிருந்து மேலேறி, ஏற்கெனவே இறுகிப்போயிருந்த பழம்பாறைகளுக்கு நடுவே புகுந்து, வெளியே வராமல் உள்ளேயே உறைந்தது. அதற்கு மேலே எரிமலை வாய் இருந்திருக்கவும் கூடும். இருந்திருந்தாலும் அது அரிபட்டுப் போய் எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஏலகிரியை எரிமலை என்று சொல்வது அடுப்பைப் பார்த்துச் சோறு என்று சொல்வது போல. குழம்பு கொதித்த இடம் என்று சொன்னால் சரி.

ஏலகிரியைவிட என்னை அதிகம் ஈர்த்தது திருப்பத்தூருக்கு அருகில் உள்ள செவ்வாத்தூர். அங்கே இருப்பது கார்பனடைட். பார்ப்பதற்குப் பளிங்குபோல், சுண்ணாம்புக் கல்போல் இருக்கும். அமிலம் விட்டால் நுரைக்கும். ஆனால் சுண்ணாம்புக் கல்லைப்போல் கடலடியில் படிந்தது அல்ல; உருகிய குழம்பிலிருந்து உறைந்தது. சுண்ணாம்பு உருகிக் குழம்பாக ஓடுமா என்று நீங்கள் கேட்கலாம். தான்சானியாவில் ஓல் தோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை இன்றும் கார்பனேட் குழம்பைத்தான் கக்குகிறது. உலகில் இப்போது அப்படிக் கக்கும் எரிமலை அது ஒன்றுதான். சாதாரண லாவா 1,000 டிகிரியைத் தாண்டும். அங்கே வருவது 500, 600 டிகிரிதான். கறுப்பாக நீர்போல் ஓடி, ஈரக் காற்று பட்டதும் சில நாட்களில் வெளுத்துவிடும். அப்படிப்பட்ட அரிய குழம்பு 80 கோடி ஆண்டுகளுக்கு முன்பு திருப்பத்தூர்ப் பக்கம் மேலேறியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம், நாம் டாமின் என்று சொல்வது, வெர்மிகுலைட் எடுக்கிறது. காக்காப்பொன்போல் ஏடாக இருக்கும் அந்தக் கனிமத்தைச் சூடான வாணலியில் போட்டால் ஏடுகளுக்கு நடுவில் இருக்கும் நீர் ஆவியாகி, புழுவைப்போல் நெளிந்து பல மடங்கு பொரிந்து எழும். மாடித்தோட்டத்துக்கு வாங்கும் தொட்டி மண்ணில் மினுமினுப்பாக, பஞ்சுபோல் கலந்திருப்பது இதுதான்.

75 கோடி, 250 கோடி என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, அதை எப்படி அறிந்தார்கள்? இங்கேதான் கார்பன் டேட்டிங் பற்றிய தவறான எண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அந்த முறை, உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்: மரம், கரி, எலும்பு, விதை. உயிர் போனதும் அதிலுள்ள கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் குறையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். சுமார் 50,000 ஆண்டுகளில் அளக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துபோகும். மலை உயிரோடு இருந்ததும் இல்லை, அதன் வயது 50,000க்குள் அடங்குவதும் இல்லை. நெல் மூட்டையை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது போன்றது அது.

மலைக்கு வேறு கடிகாரம். பாறைக்குள் சிர்கான் என்ற கனிமம் மிகச் சிறிய மணிகளாக இருக்கும். பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். குழம்பிலிருந்து சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் தள்ளிவிடும். ஆகவே பிறக்கும்போது அதில் ஈயம் இல்லை என்றே கொள்ளலாம். யுரேனியம் கதிரியக்கத்தால் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. எனவே இன்று சிர்கானில் இருக்கும் ஈயம் முழுவதும் அது பிறந்த பிறகு உள்ளேயே விளைந்தது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் விளைந்திருக்கிறது என்று எண்ணினால் வயது கிடைத்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சிர்கானுக்குள் ஒன்று அல்ல, இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பது. யுரேனியத்தில் அணு எடை வேறுபட்ட இரண்டு வகைகள் உண்டு. யுரேனியம் 238 பாதியாகச் சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டுகள் போதும். 250 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு மணியில், முதலில் 1,000 அணுவாக இருந்த யுரேனியம் 238இல் இன்று சுமார் 680 மிச்சம் இருக்கும். அதே மணியில் 1,000 அணுவாக இருந்த யுரேனியம் 235இல் 85தான் மிஞ்சியிருக்கும். வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டினால் வயதை நம்பலாம். காட்டவில்லை என்றால் இடையில் சூடோ நீரோ பட்டு ஈயம் கசிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கசிவு எப்போது நடந்தது என்பதையும் அந்த முரண்பாட்டை வைத்தே பல நேரங்களில் கணித்துவிட முடியும். பொய் சொன்னால் தானே காட்டிக்கொடுக்கும் சாட்சி அது.

பொட்டாசியம் 40 ஆர்கானாக மாறுவதை வைத்தும் வயது கணிப்பார்கள். அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். ஆனால் ஆர்கான் ஒரு வாயு. பாறை மீண்டும் ஒருமுறை நன்றாகச் சூடானால் வெளியே ஓடிவிடும், கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் ஒரே பாறையில் சிர்கான் ஒரு வயதும் காக்காப்பொன் அதைவிடக் குறைந்த வயதும் சொல்வதுண்டு. இரண்டும் பொய் இல்லை. ஒன்று பாறை பிறந்த நாளைச் சொல்கிறது, மற்றொன்று அது கடைசியாக ஆறிய நாளைச் சொல்கிறது.

கருவி எதுவும் இல்லாமலே எது மூத்தது எது இளையது என்று சொல்லும் வழியும் உண்டு. கல்குவாரிகளில் சாம்பல் நிற நைஸை வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புச் சுவர் நேராக ஓடுவதைப் பார்க்கலாம். அது டாலரைட். வெடிப்பு வழியே குழம்பு ஏறி உறைந்தது. வெட்டுவது வெட்டப்பட்டதற்கு இளையது. வெட்டப்படுவதற்கு முதலில் ஒன்று இருந்தாக வேண்டுமே. கல்லறைக்கும் தரைக்கும் மெருகேற்றி 'பிளாக் கிரானைட்' என்று ஏற்றுமதியாவது பெரும்பாலும் இந்த டாலரைட்தான்.

இவ்வளவு பழைய பாறைகள் இருந்தும் இன்று நமக்கு ஏன் எரிமலை இல்லை? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. எது நகர்த்துகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1960களில் கடலடியை அளந்து பார்த்த பிறகுதான் கடல்தரையே நடுவில் புதிதாகப் பிறந்து இரு பக்கமும் விலகுவது தெரிந்தது. எரிமலைகளில் பெரும்பாலானவை தட்டுகளின் ஓரத்தில்தான் இருக்கும்: ஒரு தட்டு இன்னொன்றின் கீழே சரியும் இடத்திலும், இரண்டு தட்டுகள் விலகும் இடத்திலும். நடுத்தட்டில் எரிமலை வர வேண்டுமானால் அடியிலிருந்து தனியாக ஒரு வெப்ப ஊற்று மேலேற வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் அப்படித்தான் லாவா ஏரி ஏரியாகக் கொட்டியது. அதன் தென்கோடி வட கர்நாடகத்தோடு நின்றுவிட்டது. பாலாற்றுப் பக்கம் வரவில்லை.

வட ஆர்க்காடு இந்தியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. நமக்கு வடக்கே ஓரம் இமயம், கிழக்கே ஓரம் அந்தமான். அந்தமானில் பாரன் தீவு என்ற எரிமலை 1991இல் நீண்ட உறக்கம் கலைந்து எழுந்தது. அதற்குப் பிறகும் பலமுறை புகைந்திருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றே. நம்மிடமிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையைச் சூறையாடிய சுனாமியும் அதே ஓரத்தில், ஒரு தட்டு மற்றொன்றின் கீழே நழுவியதில் எழுந்ததுதான்.

அப்படியானால் 2021இல் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஏன் அதிர்ந்தது? அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் உணரப்பட்டவை 3.5 ரிக்டர் அளவை ஒட்டிய சிறு நடுக்கங்கள். நம் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கிச் சென்று ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. கதவை ஓங்கித் தள்ளினால் கீல் மட்டுமா முனகும், பலகையில் இருக்கும் பழைய விரிசலும் முனகும். நம் பழம்பாறைகளில் அப்படிப்பட்ட பழைய பிளவுகள் நிறைய. அந்த ஆண்டு பெருமழை பெய்து பாலாறு கரைபுரண்டது நினைவிருக்கும். நெடுநாள் வறண்டிருந்த பிளவுகளில் நீர் இறங்கி, ஏற்கெனவே இறுகி நிற்கும் பாறையை வழுக்கவிட்டுச் சிறு அதிர்வுகளைத் தூண்டுவது உலகில் பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. எரிமலைக்கு இதில் பங்கில்லை. ஆனால் மண்சுவர் வீட்டில் இருப்பவர்கள் சுவரில் புதிய வெடிப்பு கண்டால் அலட்சியமாக விடக் கூடாது. மழையில் ஊறிய சுவருக்கு 3.5கூடப் பெரிய அதிர்வாகிவிடலாம்.

போர்வெல் போடும்போது 800 அடியில் புகை வருகிறது, உள்ளே நெருப்பு இருக்கிறது என்றும் சிலர் சொல்வதுண்டு. அது காற்றழுத்தத்தில் பறக்கும் கல்தூள். ஆயிரம் அடி ஆழத்தில் பாறையின் சூடு மேலே இருப்பதைவிட ஐந்தாறு டிகிரிதான் கூடுதலாக இருக்கும்.

கடைசியாக உங்கள் கறுப்புக் கல். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் துணியில் சுற்றி இப்படிப்பட்ட கல்லைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஓட்டை ஓட்டையாக, ஒரு பக்கம் கண்ணாடிபோல் மினுங்கி, மெழுகு வழிந்ததுபோல் ஓடிய தடத்தோடு, அளவுக்கு மீறிக் கனமாக, காந்தத்தில் ஒட்டக்கூடியதாக இருந்தால், அது லாவா அல்ல, இரும்பு உருக்கிய கசடு. இலேசாக, செங்கல் நிறம் எங்காவது தெரிந்தால் சூளையில் வெந்து உருகிய செங்கல். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடத்தின் மேல் இரும்புக் கால மக்கள் வாழ்ந்ததும், அவர்கள் அங்கேயே இரும்பு உருக்கியதும் தெரியவந்தது. அந்தக் காலத்தைக் கணித்தது கார்பன் முறையில்தான், ஏனென்றால் அங்கே கரி கிடைத்தது.

இரும்பு உருக்கியவர்கள் உலையில் போட்டது மரக்கரி. ஆகவே உங்கள் கல்லின் ஓட்டைகளுக்குள் கறுப்பாகப் பொடியும் கரித்துண்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழுவ வேண்டாம், விரலால் நோண்ட வேண்டாம், எண்ணெயோ மெருகோ தடவ வேண்டாம். அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். நிலத்தின் எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, பக்கத்தில் சுட்ட மண்குழாயோ கறுப்பு சிவப்புப் பானை ஓடோ இருந்ததா என்று எழுதி வையுங்கள். அந்த இடத்தை இந்தப் பட்டத்தில் ஆழ உழாமல் விட்டுவிட்டு, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.